தூம்பு இருந்த இடம்

தாத்தா கீரைத் தண்டை எண்ணிக் கட்டியதே கிடையாது. இடது கையில் சேர்த்துப் பிடிப்பார். கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொண்டால் அது ஒரு கட்டு. ஈர வாழைநாரை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடாமல் நுனியைச் செருகிவிடுவார். "முடிச்சுப் போட்டா வாங்கற அம்மா அறுத்துப் போட்டுருவாங்க. செருகி வெச்சா பிரிச்சு எடுத்து வேற எதுக்காவது வெச்சுக்குவாங்க" என்பார். சாயங்காலம் அறுத்து, தொட்டியில் அலசி, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்த கீரை விடிகாலை மூன்று மணிக்குக் கூடையில் ஏறும். பெங்களூர் சித்தாபுரத்திலிருந்து சிட்டி மார்க்கெட்டுக்கு நடை. அறுபது வருஷத்துக்கு மேல் அவர் நடந்த நடை அது.

அவர் பிறந்த வருஷம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. 1928-இல் அந்தச் சிட்டி மார்க்கெட், அதாவது கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட், திறந்தபோது கூடை தூக்கும் வயது, பத்தோ பன்னிரண்டோ இருக்கும் என்பார். அந்த மார்க்கெட் நிற்கும் இடமும் ஒரு காலத்தில் சித்திகட்டே என்ற நீர்நிலைதான். 2007-இல் அவர் கண்ணை மூடினார். தொண்ணூறை ஒட்டிய அந்த ஆயுசில் பாதி பெங்களூரில் ஏரிகள் ஏரிகளாக இருந்த காலம், மீதி அவை மைதானமும் பஸ் ஸ்டாண்டும் ஆன காலம்.

எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் வேலூர்க்காரரோ சேலத்துக்காரரோ கேட்டால் முதலில் திகைப்பார்கள். கன்னடமும் தெலுங்கும் ஊறிய தமிழ் அது. கீரை எங்களுக்குச் சொப்பு, பாத்தி எங்களுக்கு மடி. பள்ளிக்கூடத்தில் கன்னடம்தான் படித்தேன். தமிழ் எழுத்தை அல்சூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு மாமியார் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். கன்னடத்தில் எங்களைத் திகளர் என்பார்கள். அந்தச் சொல்லுக்கே தமிழர் என்றுதான் பொருள். சர்க்கார் காகிதத்தில் வன்னிகுல க்ஷத்திரியர்.

ஹைதர் அலி 1760-இல் லால்பாகைத் தொடங்கியபோது தமிழ்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த தோட்டக்காரர்களின் வழிவந்தவர்கள் நாம் என்று எங்கள் பெரியவர்களில் சிலர் சொல்வார்கள். இல்லை, கெம்பேகௌடர் காலத்திலேயே வந்துவிட்டோம் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவது பேச்சில்தான் மனம் ஒட்டுகிறது. பெங்களூர் மேட்டில் இருக்கிற ஊர், பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லை. 1537-இல் கெம்பேகௌடர் கோட்டை எழுப்பிய கையோடு தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி என்று ஏரி வெட்டினால்தான் ஊர் பிழைக்கும் என்ற நிலை. ஏரி வெட்டினால் அதன் கீழே தோட்டம் போட ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இருநூறு வருஷம் கழித்தா வந்திருப்பார்கள்?

எந்த ஏரியிலும் தண்ணீர் தேங்கி அப்படியே நின்றதில்லை. ஒன்று நிரம்பி வழிந்தால் கோடி, அதாவது கலங்கல், வழியாக அடுத்ததற்குப் போகும். லால்பாக் ஏரியின் வழிச்சல் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் சேர்ந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்குகிறது. எங்கள் தோட்டத்தில் மிஞ்சின தண்ணீர் தமிழ்நாட்டுக்குத்தான் போகும் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். நான் சின்ன வயதில் நம்பவில்லை. பிறகு வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. கரையில் தூம்பைத் திறந்து மூட நீர்கண்டி இருப்பார். வெயிற்காலத்தில் ஏரி வற்றினால் வண்டல் வாரி வண்டியில் கொண்டுபோய்த் தோட்டத்தில் கொட்டுவார்கள். ஏரியும் ஆழமாகும், மண்ணும் தேறும்.

1809-இல் வெள்ளைக்காரப் பட்டாளம் கன்டோன்மென்ட் போட்டதும் எங்கள் ஆட்களின் பயிர் மாறியது. ராகியும் அவரையும் தின்கிற ஊர் இது. பட்டாளத்துக்காரர்களுக்கு முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் பீட்ரூட்டும் நூல்கோலும் வேண்டியிருந்தன. இன்றைக்கும் மெட்ராஸ் மார்க்கெட்டில் இவற்றை இங்கிலீஷ் காய்கறி என்றுதானே சொல்கிறார்கள்? விதையும் பழக்கமும் லால்பாகிலிருந்து எங்கள் மடிகளுக்கு வந்தன. 1874-இல் லால்பாகுக்கு வந்த ஜான் கேமரூன்தான் சௌசௌவை இங்கே கொண்டுவந்தவர். கன்னடத்தில் அதைச் சீமெ பதனேகாய், அதாவது சீமைக் கத்திரிக்காய் என்கிறார்கள். தமிழ்நாட்டுக்குப் போனதும் அது பெங்களூர் கத்திரிக்காய் ஆகிவிட்டது. எங்கிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயரைத்தான் காய்க்கு வைப்பார்கள். தாத்தாவின் அப்பா கேமரூனுக்குப் பின் வந்த ஜெர்மன்காரர் க்ரும்பிகல் காலத்தில் லால்பாகில் தினக்கூலி. பூச்செடிக்கு நீர் விடும்போது வேரில் விடாதே, வேருக்குப் பக்கத்தில் விடு என்று அவர் அங்கே கற்றதைத் தாத்தா எங்களுக்கும் சொல்லித் தந்தார்.

தாத்தாவுக்கு முந்தைய தலைமுறையின் தோட்டம் சம்பங்கி ஏரிக்குக் கீழே இருந்தது. அந்த ஏரிக்கு ஒரு பெரிய வழக்கே உண்டு. தோட்டத்துக்கு வேண்டும், தண்ணீர் நிற்கட்டும் என்றார்கள் எங்கள் ஆட்கள். போலோ விளையாட இடம் வேண்டும், காயட்டும் என்றார்கள் குதிரை வைத்திருந்தவர்கள். வழக்கைத் தீர்த்து வைத்தது இந்த இரண்டு பேரும் இல்லை, குழாய்தான் என்று நினைக்கிறேன். 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி, 1974-இல் காவிரி. குடிக்கும் தண்ணீர் தூரத்திலிருந்து வர ஆரம்பித்த பிறகு, வீட்டுப் பக்கத்து ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஊருக்கு ஒரு காரணமும் இல்லை. வரத்துக்கால்வாயில் வீடு கட்டினால் கேட்க ஆளில்லை. தர்மாம்புதி இன்றைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். சம்பங்கி கண்டீரவா ஸ்டேடியம்.

சம்பங்கிக்குக் கீழே கிணறுகள் இறங்கியதும் கொள்ளுத்தாத்தா குடும்பத்தோடு லால்பாகுக்குத் தெற்கே சித்தாபுரம் பக்கம் வந்து குத்தகைக்கு எடுத்து, பிறகு ஒன்றே முக்கால் ஏக்கர் சொந்தமாக வாங்கினார். கிணற்றில் கபிலை. கமலை என்று தமிழ்நாட்டில் சொல்வது அதைத்தான். ஜோடி மாடு சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுத் தோல் சால் மேலே வரும். சால் கிணற்று வாயைத் தொட்டதும் வால் கயிறு தளர்ந்து தண்ணீர் தொட்டியில் சாயும். பிறகு மாடு பின்னுக்கு நடந்து ஏற வேண்டும். மாட்டைப் பின்னுக்கு நடக்கவைப்பதுதான் வித்தை. தாத்தா அதட்டமாட்டார், அடிக்கமாட்டார். ஒரு பாட்டு மாதிரி ஏதோ முனகுவார். அந்த முனகல் நின்றால் மாடும் நிற்கும். அவ்வா, அதாவது பாட்டி, வீட்டுக்குள்ளிருந்தே காது கொடுத்து எத்தனை சால் ஆயிற்று என்று சுவரில் கரிக்கோடு போடுவாள். எத்தனை சாலுக்கு எத்தனை மடி நனையும் என்பது அவள் கணக்கு. தோட்டத்துக்குத் தலை தாத்தா என்று வெளியில் பேர். தண்ணீர்க் கணக்கும் காசுக் கணக்கும் அவ்வாவிடம்தான்.

ஏழு பிள்ளைகள் பிறந்து ஐந்து தங்கின. மூத்த பெரியப்பா விமானத் தொழிற்சாலைக்குப் போனார். என் அப்பா ஹெச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை 1961-இல் வந்ததும் அங்கே சேர்ந்தார். முதல் வருஷமே தாத்தாவுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். தாத்தா கல்யாணத்துக்கும் கரகத் திருவிழாவுக்கும் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு, மற்ற நாளில் துணியில் சுற்றி விதைப் பானைக்குள் வைத்திருந்தார். ஈரம் படாத இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்பது அவர் சொன்ன காரணம். பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "மாசம் முதல் தேதி மழை பெய்யுமா பாப்பா? சம்பளம் பெய்யும்" என்பார்.

1948-இல் ஜெயநகர் உருவாகத் தொடங்கியது. அதன் பிறகு ஊர் தெற்கே நகர்ந்துகொண்டே வந்தது. எங்கள் ஒன்றே முக்கால் ஏக்கரில் ஒன்றேகால் ஏக்கர் லேஅவுட்டுக்கு என்று எடுக்கப்பட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு சர்க்கார் ஆபீஸில் தாத்தாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நிலத்துக்கு ஒரு விலை எழுதியிருந்தார்கள், கிணற்றுக்கு ஒன்று, தென்னைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று ஒன்று. மண்ணுக்கு எங்கே என்று தாத்தா கேட்டார். நிலம் என்றால் மண்ணும் சேர்ந்ததுதான் என்றார் எழுதுகிறவர். அறுபது வருஷம் வண்டலும் ஆட்டுப்புழுக்கையும் போட்டுக் கறுத்த மண்ணை, வெறும் மேட்டு நிலத்தோடு ஒரே கணக்கில் வைத்தது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். தாத்தா கைநாட்டு வைத்தார். வீடு திரும்பும் வரை பேசவில்லை. மிச்ச அரை ஏக்கரில் கீரையும் மல்லிகையும் 1989 வரை ஓடின. பிறகு பாகப்பிரிவினை.

தோட்டம் போனாலும் கரகம் போகவில்லை. சித்திரைப் பௌர்ணமி ராத்திரி திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து திரௌபதி அம்மனின் பூக்கரகம் புறப்படும். புடவை கட்டி, வளையல் போட்டு, தாலி அணிந்த அர்ச்சகரின் தலையில் மல்லிகைக் கோபுரம். சுற்றிலும் உருவிய கத்தியோடு வீரகுமாரர்கள். காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய் வந்துதான் ஊர்வலம் மேலே நடக்கும். தாத்தா ஐம்பது வருஷம் வீரகுமாரர். அந்த மல்லிகையில் எங்கள் தோட்டத்துப் பூவும் இருந்தது. பூக்கரகத்துக்கு முன்பு வரும் பச்சைக் கரகம் மட்டும் தண்ணீர் ஓரத்தில்தான் தொடங்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்டேடியம் பக்கத்தில் சம்பங்கியின் ஒரு துண்டு இன்னும் குளமாக மிஞ்சியிருக்கிறது. நகரத்தில் எத்தனை ஏரிகள் மிஞ்சின என்று 1985-இல் லட்சுமண ராவ் தலைமையில் குழு போட்டு எண்ணினார்கள். ஆனால் இந்தத் துண்டைக் காத்தது எங்கள் சாமிதான் என்பேன்.

1997-இல் தேசிய விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியம் பெரிதாக எழுந்தது. அடுத்த வருஷம் பச்சைக் கரகத்தன்று தாத்தா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கூட்டம் குளத்தைப் பார்த்து நின்றது. அவர் மதில் ஓரமாகத் தள்ளிப் போய் ஒரு இடத்தில் காலால் தட்டினார்.

"இங்கதான் பாப்பா தூம்பு. நான் ஆறு வயசுல இதுல விழுந்து, எங்கப்பா முடியப் புடிச்சு இழுத்தாரு."

குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கி மோந்தார். துண்டு முனையில் முடிந்துகொண்டார். மறுநாள் அல்சூரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறி, பாதியாக வெட்டின பெயின்ட் டப்பாவில் அந்த மண்ணைக் கடையில் வாங்கின எருவோடு கலந்தார். தனியாவைத் தரையில் பரப்பி உள்ளங்காலால் தேய்த்து இரண்டிரண்டாக உடைத்து, தூவி, மேலே மூட ராகி வைக்கோல் இருக்கிறதா என்று கேட்டார். மாடியில் வைக்கோலுக்கு நான் எங்கே போவேன்? என் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். அதை மேலே போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டு, கையால் தண்ணீர் தெளித்தார்.