நகரசபையும் காவற்செலவும்

நம் துறையூர் இந்நாளில் நகராட்சியாக விளங்குகின்றது. வீட்டுவரி செலுத்தும் நாம் அவ்வரியின் வரலாற்றை ஒருசிறிது அறிதல் நலமாம்.

சென்னை மாகாணத்தில் 1865-ஆம் வருஷத்துப் பத்தாவது சட்டப்படி பட்டணங்களில் முனிசிபல் சபைகள் ஏற்படலாயின. திருச்சிராப்பள்ளிச் சபை 1866-இல் தோன்றியது. அச்சட்டம் தெருவையும் சாக்கடையையும் மட்டும் கருதி எழுந்ததன்று. பட்டணத்துப் போலீஸ் செலவின் பெரும்பகுதியையும் ஊரார் வரியின்மீதே சுமத்திற்று. போலீசாரோ 1859 முதலே சர்க்கார் ஏவலில் நின்றவர். பணம் ஊராருடையது, அதிகாரம் பிறருடையது.

இம்முறைகேடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1871-ஆம் வருஷத்து மூன்றாவது சட்டம் போலீஸ் சுமையை நீக்கி, கல்வி, வைத்தியம், சுகாதாரம் ஆகியவற்றைச் சபைகளின் பொறுப்பாக்கிற்று. காவலுக்குப் போன பொருள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் திரும்ப வழி பிறந்தது. பின்னர், ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் வருஷத் தீர்மானத்தையொட்டி எழுந்த 1884-ஆம் வருஷச் சட்டத்தால், வரி கொடுப்போர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் விரிவடைந்தது.

அவ்வுரிமை எளிதில் வந்ததன்று, எளிதில் மறக்கத்தக்கதுமன்று. 2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின்றித் தனி அலுவலரே நிர்வாகம் நடத்தினர். சபை இல்லாதிருந்தும் வரி நின்றதில்லை!

ஆதலின், சங்கத்து அன்பர்கள் வாக்களிப்பதோடு அமையாது, ஆண்டுதோறும் நகராட்சியின் வரவு செலவுக் கணக்கையும் கேட்டுப் படிப்பாராக. வரி கொடுப்போர் கணக்குக் கேட்டல் குற்றமன்று, கடமையேயாம்.