ஒரு அட்மிஷன் நோட்டீசுக்கு விளக்கவுரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். பொன்னேரி வருவதற்குள் மடியில் நாலு நோட்டீஸ் விழும். ஒன்று வீட்டுமனை, ஒன்று மூலம் பவுத்திரம், மீதி இரண்டும் காலேஜ். முன்பெல்லாம் அந்த இரண்டும் இன்ஜினீயரிங். இப்போது பார்மசி.

அப்படி ஒரு நோட்டீஸ் என் மருந்துக்கடை கவுன்ட்டருக்கு வந்தது. சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவரின் மனைவி கொண்டுவந்தார். மாதம் பிறந்தால் கணவருக்கு பிரஷர் மாத்திரை வாங்க வருபவர். "அண்ணா, நீங்களும் இந்தப் படிப்புதானே? பொண்ணை இதுல சேக்கலாமாண்ணா?" என்றார். அந்தக் காலேஜை எனக்குத் தெரியாது. ஆனால் நோட்டீஸ் படிக்கத் தெரியும். உரையாசிரியர்கள் சூத்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரிப்பார்கள் அல்லவா, அப்படிப் பிரித்துச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். காலேஜ் பெயர் வேண்டாம். பெயரை மாற்றினால் வேறு பத்து நோட்டீசுக்கும் இதே உரை பொருந்தும்.

"இந்தக் கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடக்கம்!"

புதிது என்பது குற்றமில்லை. நான் படித்த கல்லூரிக்கும் ஒரு முதல் பேட்ச் இருந்திருக்கும். ஆனால் இந்தப் 'புதிது'க்கு ஒரு கதை உண்டு. நாட்டில் பார்மசி கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்று 2019 ஜூலையில் இந்திய பார்மசி கவுன்சில், அதாவது பி.சி.ஐ., ஒரு தீர்மானம் போட்டது: 2020-21 தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் புதுக் கல்லூரி கிடையாது. அரசுக் கல்லூரிகளுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் விலக்கு. கல்லூரி தொடங்கக் காத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கர்நாடகம், டெல்லி, சத்தீஸ்கர் உயர் நீதிமன்றங்கள் தடையைத் தள்ளின. 2022 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

தீர்ப்பின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். 'இன்னும் கல்லூரிகள் தேவை' என்று கோர்ட் சொல்லவில்லை. கல்வி நிறுவனம் தொடங்குவது அடிப்படை உரிமை; அதைக் கட்டுப்படுத்துவதாக இருந்தால் சட்டத்தின் வழியாகச் செய், வெறும் நிர்வாகத் தீர்மானத்தால் முடியாது என்றது. ஆக, அடைத்து வைத்த மதகு திறந்தது. தண்ணீர் யாருக்கு, எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்துத் திறந்ததல்ல.

"பி.சி.ஐ. அப்ரூவல் பெற்றது"

நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருந்தது இதுதான். அந்த அம்மா விரலை வைத்துக் காட்டியதும் இங்கேதான். "கவர்மென்ட் அப்ரூவல் இருக்குதுண்ணா."

அப்ரூவல் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. ஒன்று, வகுப்பு நடத்த அனுமதி. மற்றது, அங்கே படித்துத் தேறினவரை பார்மசிஸ்டாகப் பதிவு செய்யலாம் என்ற அங்கீகாரம். முதலாவது கல்லூரிக்குக் கிடைப்பது. இரண்டாவதுதான் மாணவிக்குச் சோறு போடுவது.

இதற்கு மூலம் 1948-ம் வருடத்து பார்மசி சட்டம், 12-வது பிரிவு. பாடம் நடத்துகிறவர் விண்ணப்பித்து, பாடம் விதிகளுக்கு ஒத்திருக்கிறது என்று கவுன்சில் விசாரித்துத் திருப்தி அடைந்தால், அது அங்கீகரிக்கப்பட்ட படிப்பு. தேர்வு நடத்துகிறவர் தனியாக விண்ணப்பித்தால், அது அங்கீகரிக்கப்பட்ட தேர்வு. படிப்பு வேறு, தேர்வு வேறு, இரண்டு பூட்டு. இரண்டும் திறந்தால்தான் மாநில கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறாமல் மருந்து எடுத்துக் கொடுத்தால் 42-வது பிரிவு தண்டனை சொல்கிறது.

நடைமுறையில் புதுக் கல்லூரிக்கு முதலில் வருவது, 'இந்தக் கல்வியாண்டுக்கு இத்தனை சீட்டுக்குப் பாடம் நடத்தலாம்' என்ற கடிதம். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம், மறுபடி கடிதம். முதல் பேட்ச் படிப்பை முடிக்கும் கட்டத்தில்தான் 12-வது பிரிவின் கீழ் முழு அங்கீகாரம். பாடம் நடத்த மட்டும் அனுமதி பெற்ற கல்லூரிகள், 12-வது பிரிவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் என்று பி.சி.ஐ. தன் இணையதளத்தில் தனித்தனிப் பட்டியலே போடுகிறது. நோட்டீஸ் அடிப்பவருக்கு மட்டும் இரண்டும் ஒன்று.

அப்படியென்றால் முதல் பேட்ச் என்பது யார்? கல்லூரிக்கு அங்கீகாரம் வாங்கித் தருவதற்காகத் தங்கள் நாலு வருடத்தைக் கைமாற்றாகக் கொடுத்தவர்கள். பெரும்பாலும் கைமாற்று திரும்பிவிடும். மூன்றாம் வருடம் ஆசிரியர்கள் கழன்று போய், பீஸ் வசூலும் குறைந்து, இன்ஸ்பெக்‌ஷனில் குறை எழுதப்பட்டால்? அதற்கு 13-வது பிரிவு. கவுன்சில் நோட்டீஸ் அனுப்பும். பதில் சொல்ல மூன்று மாதம் அவகாசம். பதிலில் திருப்தி இல்லையென்றால், குறிப்பிட்ட ஒரு தேதிக்கு 'முன்' முடித்தவர்களின் படிப்பு மட்டும் செல்லும் என்று அறிவிக்கலாம். அந்த 'முன்' என்ற சொல்லில் தேறிப்போனவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் 'பின்'னில் மாட்டுவார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'அப்ரூவல் இருக்கிறதா' என்பதல்ல. 'எந்த வருடத்துக்கு, எத்தனை சீட்டுக்கு, எந்தப் படிப்புக்கு? கடிதத்தைக் காட்டுங்கள்.' டி.பார்முக்கு வாங்கிய கடிதத்தைக் காட்டி பி.பார்ம் சேர்ப்பவர்களும் உண்டு.

கடிதம் இருந்தாலே போதுமா என்றால் அதற்கும் ஒரு வார்த்தை. 2025-ல் பி.சி.ஐ. தலைவர் மீதே சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்ததில் லஞ்சம் என்று. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. ஆனாலும் கடிதத்தைப் பார்த்த பிறகு கட்டடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

"ஏ.ஐ.சி.டி.இ. நெறிமுறைப்படி"

இது ஒப்புக்குச் சேர்த்தது. பார்மசிக்கு எஜமான் யார் என்று பி.சி.ஐ.க்கும் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.க்கும் இருந்த சண்டையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: பார்மசி சட்டமே செல்லும், பி.சி.ஐ. விதியே விதி. மேலே போவோம்.

"தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு*"

அந்த நட்சத்திரக் குறிக்கு நோட்டீசின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் பொருள் இருந்தது: 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது'. மாத்திரை அட்டையின் பின்னால் காலாவதித் தேதி படித்துப் பழகிய கண் என்பதால் பட்டது.

விண்ணப்பித்தது என்றால் கிடைத்தது என்றல்ல. மேலே சொன்ன இரண்டாவது பூட்டு இதுதான். நம் மாநிலத்தில் பி.பார்ம் தேர்வை நடத்திப் பட்டம் கொடுப்பது கிண்டியில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதுவே தன் தேர்வை நடத்திக்கொள்ளும். அட்மிஷன் முடிந்து, பீஸ் கட்டி, பொங்கலும் கொண்டாடி முடித்த பிறகும் இணைப்பு வரவில்லையென்றால் பெண்ணுக்கு ரெஜிஸ்டர் நம்பர் வராது. நம்பர் இல்லாமல் எந்தத் தேர்வு எழுதுவது?

எல்லைக்கு அந்தப் பக்கம் படிக்கலாமா என்று கேட்பவர்களும் இங்கே நிறைய. எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தடா, அதற்கப்பால் ஆந்திரக் கல்லூரிகள். அங்கே பல்கலைக்கழகம் வேறு, சேர்க்கைக்கு இ.ஏ.பி.செட் என்ற நுழைவுத் தேர்வும் உண்டு. ஆனால் 12-வது பிரிவு இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். பாலாறு, ஆரணியாறு பார்த்து அது மாறுவதில்லை.

"நாக் தரத்துக்கு இணையான கல்வி"

இணையான என்ற சொல் எவ்வளவு சாமர்த்தியமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பிடம் விண்ணப்பிக்கவே இரண்டு பேட்ச் படித்து வெளியேறியிருக்க வேண்டும், அல்லது ஆறு வருடம் ஓடியிருக்க வேண்டும். தனித்தனிப் படிப்புக்குத் தரப்படும் என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கும் இரண்டு பேட்ச் கணக்கு உண்டு. பி.பார்ம் நாலு வருடம். அப்படியானால் இந்த வருடம் திறக்கும் கல்லூரிக்கு இரண்டாவது பேட்ச் வெளியே வர ஐந்து வருடம் ஆகும். அதுவரை யாராவது நாக் கிரேடு காட்டினால், அது அதே டிரஸ்ட் நடத்தும் இன்ஜினீயரிங் காலேஜுக்கு வாங்கியதாக இருக்கும். அண்ணன் பாஸ் செய்த மார்க் ஷீட்டைத் தம்பி நீட்டுகிற மாதிரி.

புதுக் கல்லூரிக்கு நாக் இல்லை என்பது குறையும் அல்ல. இருக்கவே முடியாததை இருப்பது போல எழுதுவதுதான் எனக்கு இடறுகிறது.

"அதிநவீன ஆய்வகங்கள், மூலிகைத் தோட்டம்"

போன வருடம் அக்கா மகனுக்காக ஒரு புதுக் கல்லூரிக்குப் போயிருந்தேன். இது அல்ல, வேறொன்று. மெஷின் ரூமில் டிசல்யூஷன் மெஷின் இருந்தது. மாத்திரை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிற கருவி. ஆறு கண்ணாடிக் குடுவைகளை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வைத்திருக்கும். ஆறும் பளபளவென்று இருந்தன. தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். பேக்கிங்கில் வந்த தெர்மோகோல் துண்டு ஓரத்தில் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு நீர் பட்ட கறை இல்லை. பிளக்கின் கால்களில் பிளாஸ்டிக் உறை. பக்கத்தில் நின்ற லேப் அட்டெண்டர் என் பார்வையைப் பார்த்துவிட்டு, "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிடுவோம் சார்" என்றார். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

மூலிகைத் தோட்டத்தில் ஆடாதொடை, நித்தியகல்யாணி, சோற்றுக்கற்றாழை. எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை, புதுப் பெயின்ட். நித்தியகல்யாணி ஒன்றின் அடியை லேசாகத் தள்ளிப் பார்த்தேன். கறுப்பு நர்சரி கவரோடு குழிக்குள் இறக்கியிருந்தார்கள். அந்தச் செடியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள் என்று முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். வேர் விட்ட பிறகு சொல்லித் தருவார்களாக இருக்கும்.

ஆகவே ஆய்வகம் பார்க்கப் போகிறவர் கருவியை எண்ண வேண்டாம். சிங்க்கைப் பாருங்கள். கறை படிந்த சிங்க் இருந்தால் அங்கே பிள்ளைகள் ஏதோ செய்திருக்கிறார்கள்.

"சிப்காட் அருகில், 100% வேலைவாய்ப்பு"

சிப்காட் அருகில் என்பது உண்மை. கம்பெனி பஸ்கள் போகிற ரோட்டில்தான் காலேஜ். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதிகம் கேட்பது இரும்பின் சத்தம். தேர்வாய் கண்டிகைப் பக்கம் போனால் டயர். மாத்திரை போடும் கம்பெனிகள் கூட்டமாக இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்து ஆலத்தூரில், சென்னைக்கு அந்தக் கோடியில். பக்கத்தில் தொழிற்பேட்டை இருப்பதால் வேலை கிடைக்கும் என்றால், ரயில்வே ஸ்டேஷன் அருகில் பிறந்தவனெல்லாம் டிரைவர் ஆகியிருக்க வேண்டும்.

கம்பெனி வேலையிலும் ஒரு நுணுக்கம். 1945-ம் வருட மருந்து விதிகளின்படி, தயாரிப்பை மேற்பார்க்கும் பொறுப்புக்கு பி.பார்ம் முடித்தவருக்குப் பதினெட்டு மாத அனுபவம் போதும், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவருக்கு மூன்று வருடம் வேண்டும். ஆக, பட்டம் கொடுக்கும் சலுகை ஒன்றரை வருடம். லட்சக்கணக்கில் பீஸ் கட்டும் முன் அப்பாக்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது. இன்னொரு கணக்கும் உண்டு: டி.பார்ம் படித்தால் இரண்டு வருடம், 500 மணி நேரப் பயிற்சி, பிறகு 2024-லிருந்து நடக்கும் தேசிய அளவிலான எக்ஸிட் தேர்வு. அதில் தேறினால்தான் பதிவு. 'இரண்டே வருடத்தில் சொந்த மெடிக்கல்' என்று எழுதும் நோட்டீஸ்கள் அந்தத் தேர்வைச் சொல்வதே இல்லை.

"முதல் 30 பேருக்குக் கட்டணச் சலுகை. அசல் சான்றிதழ்களுடன் உடனே அணுகவும்"

இங்கேதான் நான் குரலை உயர்த்தினேன். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று 2018-லேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. நடப்பில், மார்க் ஷீட்டும் டி.சி.யும் ஆபீஸ் பீரோவுக்குள் போய்விட்டால், கவுன்சிலிங்கில் வேறு இடம் கிடைத்தாலும் எழுந்து போக முடியாது. பி.பார்முக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்து அரசுத் தேர்வுக் குழுவே கவுன்சிலிங் நடத்துகிறது. கும்மிடிப்பூண்டி லோக்கல் போய் நிற்கிற மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ரோட்டைக் கடந்தால் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், அங்கேயே பி.பார்ம் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. கட்-ஆஃப் ஏறியிருக்கும்தான். விண்ணப்பம் போட்டுப் பார்ப்பதற்கு என்ன?

"கவுன்சிலிங்குக்குப் போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். இல்லை. ஏஜென்ட் ஒருவர், இப்போதே அட்வான்ஸ் கட்டினால்தான் சீட் என்று சொல்லியிருக்கிறார்.

நோட்டீசில் இருந்த நம்பருக்கு அவர் செல்லிலிருந்தே போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். ஒரு பெண் குரல், நல்ல பணிவு. இந்த வருடத்து பி.சி.ஐ. லெட்டரையும் யூனிவர்சிட்டி லெட்டரையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மாவும் திக்காமல் கேட்டார்.

"நேர்ல வாங்க மேடம், சேர்மன் சாரே இருப்பாரு, பேசிக்கலாம். எங்க இருக்கீங்க? வண்டி அனுப்பட்டுங்களா?"

லெட்டர் பற்றி இன்னொரு முறை கேட்டார். வண்டி பற்றி இன்னொரு முறை பதில் வந்தது.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நோட்டீசைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த கவுன்சிலிங்குக்கு என்னிக்கு கடைசி நாள்ணா?" என்றார். தேதியைப் பார்த்து அதே நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்ல கெட்டிக் காகிதம், மை ஊறவில்லை.