பாலத்தடியில் ஒரு கோட்டை

தலைமன்னாரிலிருந்து பஸ்ஸில் வெளியூர் புறப்பட்ட நாம் எல்லோரும் மன்னார்க் கோட்டையைப் பார்த்தபடிதான் போயிருக்கிறோம். தீவின் நீளத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் ஓடி, பெருநிலத்துக்குப் பாலம் ஏறும் இடத்துக்கு அருகில் அது நிற்கிறது. மேற்படிப்புக்குப் போனபோதும், மணமாகிப் போனபோதும் அதைக் கடந்தோம். 1560, 1658, 1795 என்று ஆண்டுகளை வகுப்பில் மனனம் செய்தோம். கோட்டை யாருக்காகக் கட்டப்பட்டது என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

1544இல், கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்கள் நூற்றுக்கணக்கில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகான்சா நல்லூர்மீது படையெடுத்தார். அங்கே நிலைக்க முடியாமல் பின்வாங்கியவர் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டுவித்தார். எதிர்க்கரைப் புன்னைக்காயலிலிருந்து பரதவக் குடும்பங்களும் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. அவர்களின் பாதுகாப்பு ஒரு காரணம். முத்துக்குளிப்பு தங்கள் கைக்குள் இருக்கவேண்டும் என்பது மற்றக் காரணம். கோட்டைக்கான கற்களில் ஒரு பகுதி இடிக்கப்பட்ட திருக்கேதீச்சரத்தின் கற்கள் என்பது நம் பெரியோர் வாய்வழி வந்த செய்தி.

காவலுக்கென்று எழுந்த கோட்டை விரைவிலேயே படைத்தளமாயிற்று. 1591இல் அந்திரே பூர்த்தாதுவின் படை மன்னாரில் வந்திறங்கி, யாழ்ப்பாணம் சென்று அரசனைக் கொன்றது. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தபின் கடல் கடந்து, பெப்ரவரி 22இல் மன்னாரைக் கைப்பற்றினர். யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. 1696இல் ஒல்லாந்தர் இதைத் திருத்திக் கட்டினர். நான்கு மூலைக் கொத்தளங்களும் சுற்று அகழியுமாக நாம் இன்று காண்பது அந்த அமைப்பே.

ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டைப் பிடித்ததும், இங்கிருந்த ஒல்லாந்துக் கோட்டைகளை ஆங்கிலேயர் தேடி வந்தனர். 1795 ஒக்டோபர் 5இல் மன்னார் அவர்களிடம் சரணடைந்தது. எங்கோ நடந்த போர், இங்கே கொடியை மாற்றியது.

இந்த மூன்று மாற்றங்களிலும் தளபதிகளின் பெயர்கள் எழுதப்பட்டன. கல் சுமந்தவர், முத்துக்குளித்தவர், குடிபெயர்க்கப்பட்டவர் பெயர்கள் எழுதப்படவில்லை.

நம் காலத்துப் போரையும் நாம் கண்டோம். 1914இல் தொடங்கிய தலைமன்னார் இரயில் சேவை 1990இல் நின்று, 2015இல்தான் மீண்டும் வந்தது. அந்த 25 ஆண்டுகளில் நம்மிற் பலர் இராமேஸ்வரத்துக்கு வள்ளமேறினோம். சிலர் அங்கிருந்து கடல்கள் பல கடந்தோம். அந்த வரலாற்றையும் நாம் எழுதாவிட்டால், அதிலும் தளபதிகளின் பெயர்களே மிஞ்சும்.

இன்று கோட்டைக்குள் கூரையிழந்த சுவர்களே இருக்கின்றன. சகோதரிகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது பாலத்தடியில் இறங்குங்கள். பிள்ளைகளையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சுவரருகே நின்று, நீங்கள் ஊரைவிட்டுப் போன நாளின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். பிறகு அதை எழுதி நம் சங்கத்துக்கும் அனுப்புங்கள்.