வன்னிப் புனைகதையில் பெண்ணின் இருத்தல்

வன்னிப் பெண்ணின் தனித்த மனச்சாட்சியை மையமாக்கிய முதன்மையான நாவல் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. நாயாற்றுக்கு மேற்கே, தண்ணிமுறிப்புக் குளத்தையும் காட்டையும் ஒட்டி நிகழும் இக்கதை 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது.

தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை பெண்ணுக்கு ஏன் இல்லாமற் போனது என்று பிரெஞ்சு இருத்தலியல் சிந்தனையாளர் சிமோன் த பொவார் 1949இல் கேட்டிருந்தார். ஆனால் மார்க்சிய விமர்சனம் ஓங்கியிருந்த 1960களின் ஈழத்தில், தனிமனித அகச்சிக்கலை எழுதுவது சமூகத்தை விட்டு விலகுவதாகவே பலருக்குத் தோன்றியது. எழுத்தாளர்கள் எஸ். பொன்னுத்துரையும் மு. தளையசிங்கமும் அந்தப் பார்வையை எதிர்த்து வேறு வழி தேடினர்.

‘நிலக்கிளி’ இந்த வாதங்களில் பிறந்ததன்று. தாயில்லாமல் வளர்ந்த பதஞ்சலி, கதிராமனோடு காட்டோரத்தில் குடிசை போட்டு வாழ்கிறாள். ஊருக்கு வரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தோடும் கள்ளமின்றிப் பழகுகிறாள். அந்தப் பழக்கம் எல்லை மீறிய பின்னர்தான் அவள் தன்னை முதன்முறையாக வெளியிலிருந்து பார்க்கிறாள். அவளை விசாரிக்க ஊர் கூடவில்லை. விசாரிப்பவளும் அவள், குற்றவாளியும் அவள். மண்வாசனைக்காகவே இந்நாவலைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. அந்த மண்ணில் ஒரு பெண் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்று நிற்பதே அதன் உயரம். கருணையோடு எழுதப்பட்டாலும் அவளது பேதைமையைச் சற்று அதிகமாகவே ஆசிரியர் நேசிக்கிறார். அவள் கோபப்படவும் இடம் இருந்திருக்கலாம்.

1984 இறுதியில் தண்ணிமுறிப்பு, நாயாறு, கொக்குத்தொடுவாய்ப் பகுதிகளின் தமிழ் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். நாவலின் களமே ஆளற்றுப் போனது.

பெண்ணே எழுதிய பெரும் படைப்பு 2013இல் வந்தது: தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’. இறுதிப் போரில் பேரப்பிள்ளைகளோடு முள்ளிவாய்க்கால் வரை ஓடும் பார்வதி என்ற மூதாட்டியின் கதை இது. ஐரோப்பிய இருத்தலியல் நாயகர்கள் பெரும்பாலும் குடும்பச் சுமையற்ற ஆண்கள். வாழ்வின் பொருளின்மையை நின்று யோசிக்க அவர்களுக்கு நேரமிருந்தது. பார்வதிக்கு அது இல்லை. எங்கே பங்கர் வெட்டுவது, எதைச் சமைப்பது, எப்போது புறப்படுவது என்று அவள் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் உயிர்கள் தங்கியிருக்கின்றன. யாருடைய ஆணையும் அவளைக் காப்பாற்றாத இடத்தில், சுதந்திரம் என்பது அவளுக்கு இந்தத் தெரிவுகளின் பாரமாகவே வருகிறது.

பரந்தனில் பிறந்த தமிழினியின் தன்வரலாறான ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் மறைந்த மறு ஆண்டு, 2016இல் வெளியானது. புனைகதை அல்லாதபோதும், விடுதலைப் புலிகள் இயக்கத்தின் குரலாக இருந்த ஒரு பெண் ‘நான்’ என்று தன் கடந்த காலத்தை விசாரிப்பதால் இந்த வரிசையில் அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.