மோதாமலே ஓர் அதிர்ச்சி அலை

சூரியனில் ஒரு வெடிப்பு நடந்து ஒன்றிரண்டு நாள் கழித்து, பூமியிலுள்ள காந்தமானிகளின் கோடு சட்டென்று ஒரு குதி குதிக்கும். காந்தப் புயலின் திடீர்த் தொடக்கம் என்பார்கள். குதித்து முடிய சில நிமிஷம்தான்.

இந்தச் சில நிமிஷத்தை 1953இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு கருத்தரங்கில் தாமஸ் கோல்டு பிடித்துக்கொண்டார். 15 கோடி கிலோமீட்டர் ஓடிவரும் வாயு வழியிலேயே பரவிப்போயிருக்க வேண்டும். வேகமான துகள் முன்னால், மெதுவானது பின்னால் என்று மணிக்கணக்கில் வந்து சேர வேண்டும். அப்படி இல்லையே? அப்படியென்றால் அதன் முன்விளிம்பை ஏதோ கூர்மையாகவே வைத்திருக்கிறது, அது அதிர்ச்சி அலையாகத்தான் இருக்கும் என்றார். ஒரு செயற்கைக்கோள்கூட இல்லாத காலம்! லாக் ஃபைலில் டைம்ஸ்டாம்ப் பார்த்தே பிழைப்பு ஓட்டும் எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தின் முன் அதிர்ச்சி அலை எழுவது காற்று மூலக்கூறுகள் மோதிக்கொள்வதால். அங்கே ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை. சூரியக் காற்றிலோ ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5 புரோட்டான்கள். ஒன்று இன்னொன்றை மோத, சூரியனிலிருந்து பூமி வரையிலான தூரமே தேவைப்படும். மோதலே இல்லாமல் அலை எப்படி?

விடை காந்தப்புலத்தில் இருந்தது. மின்சாரம் கடத்தும் திரவத்தோடு காந்தக் கோடுகளும் சேர்ந்து அசைந்து அலை எழுப்பும் என்று ஆல்வேன் 1942இலேயே எழுதியிருந்தார். சூரியக் காற்றில் இருப்பது சுமார் 5 நானோடெஸ்லாதான். நம் ஊர்த் தரையில் சுமார் 40,000. ஆனால் நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் பாயும் புரோட்டானை 800 கி.மீ. ஆர வட்டத்தில் சுழற்ற அந்த 5 போதும். 15 கோடி எங்கே, 800 எங்கே! தேர் வடம் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் இடிப்பதில்லை. ஆனாலும் ஓரிடத்தில் சுண்டினால் எல்லார் கையிலும் தெரியும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான்.

1962இல் ஆக்ஸ்ஃபோர்டும் கெல்லாகும் தனித்தனியாக, பூமியின் முன்னாலேயே இப்படி ஓர் அலை நிலையாக நிற்க வேண்டும் என்று கணித்தார்கள். 1963 நவம்பர் 27இல் ஏவப்பட்ட ஐ.எம்.பி.-1 அதைத் திரும்பத் திரும்பக் கடந்தது. நார்மன் நெஸ் குழுவின் காந்தமானி பதிவு செய்தது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 90,000 கி.மீ.

அதற்குப் பிறகு தெரியவந்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். காந்தக் கோடுகள் அலைமுகத்தை ஒட்டிப் படுத்திருந்தால், திருப்பி விடப்படும் புரோட்டான்கள் வட்டமடித்து மறுபடி அலைக்குள்ளேயே விழும். அலை சுவர் மாதிரி கூர்மையாக நிற்கும். கோடுகள் அலைமுகத்தைக் குத்திக்கொண்டு நேராகப் போனால், அதே புரோட்டான்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டு சூரியன் பக்கமாகத் தப்பி ஓடும். ஓடுகிற வழியெல்லாம் சின்னச் சின்ன அலைகளைக் கிளப்பும். அலை எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாத கலங்கலாகிவிடும். பூமியின் முன் நிற்கும் அந்த ஒரே அலையில், பெரும்பாலும் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கலங்கல். காற்றின் வேகம் கொஞ்சம்கூட மாற வேண்டாம், புலத்தின் திசை திரும்பினாலே போதும், இரண்டும் இடம் மாறிவிடும்.