விடுதியில் யார் உறுப்பினர்?



தொண்டாமுத்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் 'சாளை' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. சாளை என்பது தோட்டத்துக்குள் இருக்கும் சிறு வீடு. பண்ணையம் பார்க்கும் குடும்பம் அதில் இருக்கும். கட்டியவர் தோட்டக்காரர், மண்ணும் அவருடையது. உள்ளே இருக்கும் அருந்ததியர் குடும்பம் மூன்று தலைமுறையாக இருந்திருக்கலாம். ஆனால் வேலை போன அன்று சாளையும் போய்விடும். சட்டி பானையை எடுத்துக்கொண்டு வளவுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவர்கள் குடியிருந்தார்கள் என்று சொல்லலாம். அது அவர்கள் வீடு என்று சொல்ல முடியாது.

இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குக் கல்வி நிலைய விடுதிகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். இந்த ஊரிலிருந்து வடவள்ளி வழியாகக் கோவைக்குப் பேருந்தில் போகிறவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு வெகு அருகில்தான் போகிறார்கள். 1982-இல் உருவான பாரதியார் பல்கலைக்கழகம் மருதமலை அடிவாரத்தில் இருக்கிறது. வேளாண் கல்லூரியாகத் தொடங்கி 1971-இல் பல்கலைக்கழகமானது இன்னொன்று. வளவிலிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு கட்டிலும் ஒரு வேளைச் சோறும். வகுப்பறைக்குள் நுழையும் உரிமைக்கு நம் முன்னோர் போராடிய வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் 1920-களில் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுக்கிணறு, பொதுச்சாலை உரிமைக்காகப் பேசியதும், 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் நமக்குத் தெரியும். ஆனால் படிக்கப் போன இடத்தில் தங்கிய வீட்டை யார் ஆண்டார்கள், அதில் நம் பிள்ளை உறுப்பினரா, சாளைக்காரரா என்ற கேள்வியை நாம் போதுமான அளவு கேட்கவில்லை.

உறுப்பினர் என்ற சொல்லில் ஒரு வினயம் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைப் பாருங்கள். பெண்களுக்கான கர்ட்டன் 1869-இலும் நியூனம் 1871-இலும் தொடங்கப்பட்டன. பெண்கள் அங்கே தங்கினார்கள், விரிவுரை கேட்டார்கள், தேர்வு எழுதினார்கள். ஆண்களை விட நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் பல்கலைக்கழக உறுப்பினர்கள் இல்லை. 1897-இல் அவர்களுக்குப் பட்டம் கொடுப்பது பற்றி வாக்கெடுப்பு நடந்து தோற்றது. 1921-லும் முழு உறுப்புரிமை மறுக்கப்பட்டது. 1948-இல்தான் அது கிடைத்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் வீட்டுக்குள் இருந்தும் வீட்டுக்காரராக இல்லாத நிலை. ஆளும் சபையில் இருந்த ஆண்கள் அதைப் பெரிய அநியாயமாக நினைக்கவே இல்லை.

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்தது, மாணவர்களைத் தன் கூரையின் கீழ் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வெற்றிடத்தில் மிஷனும் சாதி அறக்கட்டளைகளும் தனியாரும் விடுதி கட்டினார்கள். சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை என்பதற்காக டாக்டர் சி. நடேச முதலியார் 1910-களின் நடுவில் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' நடத்தினார். நம் கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கியவர்களில் ஒருவர் என்று நீதிக்கட்சி வரலாறுகள் சொல்கின்றன. பெருவணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கே இந்தத் தட்டுப்பாடு என்றால், வளவுப் பிள்ளைக்கு என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விடுதிக்குள் நடந்த சண்டையில் தமிழ்நாடே அறிந்தது சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிச் சேரன்மாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலம் அது. தேசியக் கல்வி என்ற பெயரில் எல்லாரிடமும் நன்கொடை வாங்கப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார். தனிப்பந்தி, தனித் தண்ணீர்ப்பானை பற்றிய செய்தி அந்த வழியில் பெரியார் காதுக்கு வந்ததாக இயக்க வரலாறுகள் சொல்கின்றன. வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' இதழில் விடாமல் எழுதினார்.

ஐயர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். தனக்குச் சாதி வித்தியாசம் கிடையாது, ஆனால் இரண்டு பெற்றோரின் மனம் நோகக்கூடாது. விடுதி நிர்வாகத்தின் வரலாறு முழுக்க இந்தப் பதில் வேறு வேறு குரலில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நிர்வாகி நல்லவர்; யாரோ இருவருடைய பழக்கத்துக்காக மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1925 மார்ச்சில் வந்த காந்தியின் சமரசமும் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருந்தது: இப்போது இருக்கும் இருவர் தனியாகச் சாப்பிடட்டும், இனிச் சேர்பவர்களுக்குச் சமபந்தி, சமையல்காரர் பார்ப்பனராகவே இருக்கட்டும். ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதை ஏற்காமல் ராஜாஜி உள்ளிட்ட சிலர் விலகினார்கள். ஐயரும் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் 3-ஆம் தேதி பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அந்த மரணத்தின் துயரத்தை நாங்கள் சிறிதாக்கவில்லை.

இந்த நிகழ்வைத் திராவிட இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்கிறோம், சரிதான். ஆனால் தலித் வாசகராக அதைப் படிக்கும்போது ஒரு இடம் உறுத்துகிறது. சண்டை பார்ப்பனப் பிள்ளைக்கும் பார்ப்பனரல்லாத பிள்ளைக்கும் இடையில். சேரிப் பிள்ளை எந்தப் பந்தியில் உட்காருவது என்ற கேள்வி அந்த வாதத்தின் நடுவில் எழவே இல்லை. பந்தி சமமா என்று கேட்பதற்கு முன்னால் பந்திக்கு வந்திருக்க வேண்டுமல்லவா?

கோவையில் அதற்கு ஐந்து ஆண்டு கழித்து வேறொரு தொடக்கம். தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியபோது முதல் மாணவராகச் சேர்ந்தது ஒரு தலித் சிறுவன். பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் எழுந்த அதன் வளாகத்துக்கு 1934-இல் காந்தி அடிக்கல் நாட்டினார். சேரன்மாதேவியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் நாம் வழக்கமாகக் கேட்கும் கதையில் நிறுவனரின் பெயர் இருக்கிறது, கையிருப்புப் பணம் எத்தனை ரூபாய் என்ற கணக்கும் இருக்கிறது. அந்தச் சிறுவனின் பெயர் இல்லை.

பிறர் கட்டிய வீட்டில் நல்லபடியாக நடத்தப்படுவது ஒரு வழி. நாமே வீடு கட்டி ஆள்வது இன்னொன்று. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அதே ஊரில் உறைவிடப் பல்கலைக்கழகமாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929-இல். பல்கலைக்கழக வரலாற்றில் இந்த இரண்டாவதற்குக் கிடைக்கும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்காவது முன்னதற்குக் கிடைக்க வேண்டும்.

மேற்கே கோலாப்பூரில் சாகு மகராஜ் 1901-இல் மராத்தா மாணவர்களுக்கு விடுதி திறந்து, பிறகு ஒவ்வொரு சமூகத்துக்கும் விடுதி அமைய உதவினார். 1908-இல் தீண்டப்படாத மாணவர்களுக்கான மிஸ் கிளார்க் விடுதி வந்தது. சாதிவாரி விடுதி சாதியை வளர்க்காதா என்று மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. வளர்க்கலாம். ஆனால் அன்று பொது விடுதி என்று எழுதியிருந்த பலகைகளின் பின்னால் இருந்ததும் ஒரு சாதியின் விடுதிதான். பெயர்ப்பலகையில் மட்டும் அது இல்லை.

அம்பேத்கர் இந்த இரண்டு வாழ்க்கையையும் வாழ்ந்து பார்த்தவர். 1913-இல் நியூயார்க் போனவர் கொலம்பியாவின் ஹார்ட்லி ஹாலில் சில நாள், காஸ்மோபாலிட்டன் கிளப்பில் சில காலம், பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் பார்சி நண்பர் நவல் பதேனாவோடு தங்கினார். அங்கே அவர் மற்றவர்களைப் போல ஒரு மாணவர். 1917-இல் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தபோது ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். லிவிங்ஸ்டன் ஹாலில் இருந்த அதே பார்சி சமூகத்து நண்பரையும், தடியோடு வந்தவர்களையும் சேர்த்துத்தான் அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1924-இல் அமைந்தது. அடுத்த ஜனவரியிலேயே சோலாப்பூரில் அது விடுதி திறந்தது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. 1950-இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி வந்தது. அந்த நகரிலிருந்துதான் 1960-களின் கடைசியில் கங்காதர் பன்தவணேயின் 'அஸ்மிதாதர்ஷ்' வெளிவந்து மராத்தி தலித் எழுத்தைச் சுமந்தது. பம்பாய் வடாலாவில் சித்தார்த்த விகார் விடுதி. 1972-இல் தலித் பாந்தர் உருவானபோது அதன் இளைஞர்கள் கூடிய இடங்களில் அது முக்கியமானது. ராஜா தாலே அங்கே இருந்தார். ராத்திரி பகலாக அங்கே பேச முடிந்தது, எழுதியதை வாசித்துக்காட்ட முடிந்தது, போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்ச முடிந்தது. ஏன் முடிந்தது? அதை ஆண்டவர்கள் நம்மவர்கள் என்பதால். விளக்கணைக்கச் சொல்லும் வார்டன் இருக்கும் விடுதியில் இலக்கிய இயக்கம் பிறப்பது கடினம். தமிழில் பாமாவின் 'கருக்கு', கே.ஏ. குணசேகரனின் 'வடு' ஆகிய தன்வரலாறுகளில் விடுதி வருகிறது. அவற்றை ஒரு மாலைப்பொழுதில் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், இந்தப் பேச்சுக்கு நாங்கள் சொல்வதை விட நல்ல சான்று கிடைக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் பிள்ளைகளைத் தாங்கியது அரசின் ஆதிதிராவிடர் நல விடுதி. கோவை மேற்கில் முதல் தலைமுறையாகக் கல்லூரி பார்த்தவர்களில் பலர் அதில் தங்கியவர்கள். ஓட்டை உடைசல் எல்லாம் தெரிந்தேதான் இதை நன்றியோடு சொல்கிறோம். 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். பெயர் நல்ல பெயர். உள்ளே மாணவர் குழு உண்டா, அதற்கு அரிசி மூட்டையை எண்ணிப் பார்க்கும் அதிகாரம் உண்டா என்று அடுத்துக் கேட்போம்.

பல்கலைக்கழக விடுதியில் கதை இன்னும் நுட்பமானது. 'டிவைடிங் மெஸ்' இருந்த விடுதிகளில் தங்கியவர்களுக்குத் தெரியும். மாதச் செலவைச் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மெஸ் குழுவில் இருப்பவர்கள் என்ன சமைப்பது, எந்தக் கடையில் வாங்குவது என்று முடிவெடுப்பார்கள். ஜனநாயகம்தான். ஆனால் கல்வி உதவித்தொகை தாமதமாக வருகிறவர் பெயர் பாக்கிப் பட்டியலில் அறிவிப்புப் பலகையில் இருக்கும். அப்படி ஒட்டப்பட்ட பெயர்களில் எங்கள் சிலருடைய பெயரும் உண்டு. பாக்கி வைத்தவர் குழுவுக்கு நிற்க முடியாது. 1944-இல், அம்பேத்கர் வைசிராய் அவையில் இருந்தபோது தொடங்கிய உதவித்தொகை, எண்பது ஆண்டு கழித்தும் மெஸ் பில் வரும் தேதிக்கு வந்து சேரக் கற்றுக்கொள்ளவில்லை.

2007-இல் தோரட் குழு, டில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் தொந்தரவு தாங்காமல் விடுதியின் சில தளங்களில் ஒதுங்க நேர்ந்ததைப் பதிவுசெய்தது. வெளியே யாரும் சேரி என்று எழுதி வைக்கவில்லை, மாடிப்படி ஏறினால் சேரி. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஓர் உணவுக்கூடத்தில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று தாள் ஒட்டப்பட்டு, எதிர்ப்பு வந்ததும் அகற்றப்பட்டது. சேரன்மாதேவியின் தண்ணீர்ப்பானை நினைவுக்கு வராமல் இருக்குமா?

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2015-இல் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்கு விதித்த தண்டனையின் வாசகம்தான் எங்களை இந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்தது. அவர்கள் படிப்பைத் தொடரலாம். ஆனால் விடுதியில் தங்கக் கூடாது, நிர்வாகக் கட்டடத்திலும் பொது இடங்களிலும் கூட்டாக நுழையக் கூடாது, மாணவர் தேர்தலில் நிற்கக் கூடாது. இதை எழுதியவர்களுக்கு உறுப்புரிமை என்பது என்னவென்று துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. படுக்கை, பொதுவெளி, வாக்கு. மூன்றையும் எடுத்துவிட்டுப் பாடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். பழைய ஊர்விலக்கும் இப்படித்தான்: வேலைக்கு வரலாம், ஊருக்குள் புழங்கக் கூடாது. 2016 ஜனவரியில் அறையைக் காலிசெய்த மாணவர்கள் வளாகத்தின் கடைத்தெருவில் கொட்டகை போட்டு, அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள். தலைவர்களின் படங்களை வைத்து அங்கேயே தூங்கினார்கள். ஜனவரி 17-இல் ரோகித் வெமுலா நம்மைவிட்டுப் போனார். நான்கு நாளில், உயிரோடு இருந்த நால்வரின் தண்டனை விலக்கப்பட்டது.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2012 விதிகள் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் பிரித்து நடத்துவதைப் பாகுபாடு என்று சொல்கின்றன. மனு எழுதும்போது அதை மேற்கோள் காட்டுங்கள், பயன்படும். ஆனால் அந்த விதியை நடைமுறைப்படுத்த வேண்டிய குழுவில் வார்டன் இருப்பார், டீன் இருப்பார். அறையில் தங்குகிறவர் சாட்சியாகக் கூப்பிடப்படுவார். குழுவில் சரிபாதி தங்குகிறவர்கள் இருக்க வேண்டும், வெளியேற்றும் உத்தரவு எதுவும் அவர்கள் கையெழுத்தில்லாமல் செல்லாது என்ற கோரிக்கையை இந்த மேடையிலிருந்து வைக்கிறோம். பாக்கிப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவதை உடனே நிறுத்தலாம், அதற்கு எந்த விதித் திருத்தமும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கோவை மேற்கிலிருந்து விடுதிகளுக்குப் போனவர்களின் மெஸ் அட்டை, அறை ஒதுக்கீட்டுச் சீட்டு, குழுப் புகைப்படம், வீட்டுக்கு எழுதிய கடிதம் எதுவானாலும் வைத்திருப்பவர்கள் அமைப்பிடம் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். புகைப்படத்தின் பின்பக்கத்தில், நிற்கிறவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதிக் கொடுங்கள்.