கர்ப்பம் சொன்ன தவளை



வகுப்பில் தவளை அறுத்த பிள்ளைகள் இந்தக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1930 வாக்கில் கேப்டவுனில் லான்சலாட் ஹாக்பென் என்ற விலங்கியலாளர், மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றினால் ஆப்பிரிக்க நகத்தவளை முட்டையிடுவதைக் கண்டார். கர்ப்பிணியின் சிறுநீருக்கும் அதே பலன் என்று பிறகு தெரிந்தது. அதுவரை எலியையும் முயலையும் கொன்று பார்த்த சோதனை அது. தவளையோ ஒரு நாளுக்குள் விடை சொன்னது, உயிரோடும் இருந்தது. அதனால் பல நாடுகளுக்கும் கப்பலேறியது.

உயிருள்ள தவளை வியாபாரத்தோடு, தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சையும் நாடு விட்டு நாடு போனது. 1938இல் பிடித்துப் பாதுகாத்த ஒரு நகத்தவளையிலேயே அது இருந்திருக்கிறது. நகத்தவளை பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். மற்ற பல இனங்களால் முடியவில்லை. அந்தப் பூஞ்சையால் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்கிறது 2019இல் வந்த ஆய்வு.

தவளை தண்ணீர் குடிப்பது தோலால். மூச்சு விடுவதும் ஓரளவு அதனால்தான். தோல் கெட்டால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும்.

கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பில் இருக்கும் பிள்ளைகளே, தவளையைத் தொடும்போது பவுடர் இல்லாத, ஈரமான கையுறை போடுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரில் விடுங்கள். புதிதாக வந்ததைத் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.